உறுதிநிலை கண்ட இலியாப்புனோவ்

இயக்கங்களின் உறுதிநிலையைக் கற்பிக்கப் புகும்போதெல்லாம் அலெக்சாந்தர் இலியாப்புனோவின் முடிவே என் நெஞ்சை வருத்தும். 1857இல் உருசிய நகராகிய யாரொசிலாவலிற் பிறந்த அவர், கார்க்கோவிற் கற்பித்த காலத்தில், 1892இல் வெளியிட்ட ஆய்வுநூலிலே, சமன்பாட்டைத் தீர்க்காமலே உறுதிநிலை அறியும் வழி கண்டார். கிண்ணத்தில் உருளும் குண்டின் சக்தி குறைந்துகொண்டே போனால், பாதையைக் கணியாமலே அது அடியில் அமையுமெனத் துணியலாமன்றோ? சக்தியை ஒத்த சார்பொன்றைப் பிற இயக்கங்களுக்கும் அவர் தேடினார். (தேடல் எளிதன்று, மாணாக்கர் அறிவர்!) இடையிடையே கணத்தாக்குறும் இயக்கங்களை 1960இல் மில்மானும் மிசுக்கிசும் ஆராய்ந்தனர். தாக்கு ஏற்றியதினும் மிகுதியை இடைவேளை ஒவ்வொன்றும் இறக்கிவிடின், அங்கும் உறுதி நிலைக்கும்.

1917இல், காசநோயுற்ற மனைவி நத்தாலியாவுடன் அவர் ஒடெசா சென்றார். அவர்தம் கண்ணொளியும் மங்கிவந்தது. 1918 ஒக்டோபர் 31இல் மனைவி இறந்தார். அன்றே தம்முயிரை மாய்க்கத் துணிந்தவர், நவம்பர் 3இல் மறைந்தார்.