ஓடும் வண்டிக்கு மின்சாரம்: வெர்னர் சீமென்ஸின் வாழ்வும் பணியும்

மின்சாரத்தால் இயங்கும் வாகனங்கள் இன்று உலகின் பல நாடுகளில் சாலைகளுக்கு வந்துவிட்டன. அவற்றைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் வாகனத்தின் மோட்டாரைப் பற்றியதாக இருப்பதில்லை. வண்டிக்கு மின்சாரம் எங்கிருந்து, எந்த வழியாக, எவ்வளவு பாதுகாப்பாக வந்து சேரும் என்பதே விவாதத்தின் மையமாக உள்ளது.

இந்தக் கேள்வி புதியதல்ல. ஜெர்மனியின் பெர்லினில் 1879க்கும் 1882க்கும் இடையில் இதற்கு மூன்று வெவ்வேறு விடைகளைச் செய்து பார்த்தவர் வெர்னர் சீமென்ஸ். இன்று அவரது பெயர் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பெயராகவே பலருக்கும் அறிமுகமாகியுள்ளது. மின்கடத்துமையின் சர்வதேச அலகுக்கும் 1971ஆம் ஆண்டு அவரது பெயர் சூட்டப்பட்டது. ஆனால் அவரது வாழ்க்கை வெற்றிகளின் வரிசையாக மட்டும் அமையவில்லை. மின்சாரத்தைக் கொண்டு ஒரு கருவியை இயக்குவதைவிட, அந்த மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் வழியை அமைப்பதே கடினம் என்பதைத் தோல்விகள் வாயிலாகக் கற்றுக்கொண்டவர் அவர்.

சிறையில் ஒரு சோதனைக்கூடம்

ஹனோவர் நகருக்கு அருகிலுள்ள லெந்தே என்ற கிராமத்தில் 1816ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி வெர்னர் பிறந்தார். தந்தை குத்தகை விவசாயி. பதினான்கு குழந்தைகளில் நான்காமவர் வெர்னர். பொறியியல் படிக்க விரும்பிய அவரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் வசதி குடும்பத்துக்கு இருக்கவில்லை. எனவே பிரஷ்ய ராணுவத்தின் பீரங்கிப் படையில் சேர்ந்தார். பெர்லினில் இருந்த ராணுவப் பொறியியல் பள்ளியில் 1835 முதல் 1838 வரை கணிதமும் இயற்பியலும் வேதியியலும் பயின்றார்.

தாய் 1839இலும் தந்தை 1840இலும் காலமானார்கள். தம்பியரை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு, சொற்ப ஊதியம் பெற்ற அந்த இளம் அதிகாரியின் மீது விழுந்தது. கண்டுபிடிப்புகளைப் பணமாக்க வேண்டும் என்ற முனைப்பு அவரிடம் தொடக்கத்திலேயே காணப்பட்டதற்கு இதுவே காரணம்.

இரு அதிகாரிகளுக்கு இடையே நடந்த ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் ஒருவருக்குத் துணையாக நின்ற குற்றத்துக்காக அவர் மாக்டபர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். சிறையிலும் அவர் வேதிப்பொருட்களை வரவழைத்து, மின்சாரத்தின் உதவியால் உலோகத்தின் மீது தங்கமும் வெள்ளியும் பூசும் சோதனைகளைத் தொடர்ந்தார். 1842இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த முறையை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்று விற்று வந்தவர் அவரது தம்பி வில்ஹெல்ம். பிற்காலத்தில் வில்லியம் சீமென்ஸ் என்ற பெயரில் பிரித்தானியாவின் முன்னணிப் பொறியாளர்களில் ஒருவரானவர் இவரே.

மண்ணில் புதைந்த தந்தி

1840களில் தந்தியே புதிய தொழில்நுட்பம். ஊசி ஒன்று எழுத்துகளைச் சுட்டிக்காட்டும் தந்திக் கருவியை வெர்னர் மேம்படுத்தினார். 1847 அக்டோபரில் யோஹான் கேயார்க் ஹால்ஸ்கே என்ற கைதேர்ந்த கருவி வினைஞருடன் சேர்ந்து பெர்லினில் ஒரு பட்டறையைத் தொடங்கினார். முதலீட்டைக் கொடுத்தவர் உறவினர் ஒருவர்.

தந்திக் கம்பியை நிலத்தடியில் பதிப்பதற்கு, ஈரம் புகாத மேலுறை தேவைப்பட்டது. மலாய் தீபகற்பத்து மரங்களின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபர்ச்சா என்ற பொருள் அப்போதுதான் ஐரோப்பாவுக்கு அறிமுகமாகியிருந்தது. சூடாக்கினால் இளகி, ஆறினால் இறுகும் அந்தப் பொருளைக் கம்பியின் மீது மூட்டு இல்லாமல் பூசும் இயந்திரத்தை வெர்னர் உருவாக்கினார்.

பெர்லினுக்கும் பிராங்பர்ட்டுக்கும் இடையிலான தந்தித் தடம் இந்த நிறுவனத்தின் முதல் பெரும் பணி. பிராங்பர்ட்டில் கூடிய தேசிய சட்டமன்றம், பிரஷ்ய மன்னரை ஜெர்மானியப் பேரரசராகத் தேர்ந்தெடுத்த செய்தி 1849 மார்ச் 28ஆம் தேதி ஒரு மணி நேரத்துக்குள் பெர்லினை அடைந்தது. மன்னர் அந்த முடியை ஏற்கவில்லை என்றாலும், தந்தியின் வல்லமையை அரசுகள் உணர்ந்துகொண்டன. அதே ஆண்டில் வெர்னர் ராணுவத்திலிருந்து விலகினார்.

ஆனால் தடங்கள் நிலைக்கவில்லை. செலவைக் குறைக்கவும் பணியை விரைந்து முடிக்கவும் கம்பிகள் போதிய ஆழமின்றி, பாதுகாப்பு உறையின்றிப் புதைக்கப்பட்டிருந்தன. எலிகள் உறையைக் கடித்தன. கட்டாபர்ச்சாவுடன் கலக்கப்பட்டிருந்த கந்தகம் செம்புக் கம்பியை அரித்தது. குறைபாடுகள் யாரால் நேர்ந்தன என்பதில் பிரஷ்யத் தந்தி நிர்வாகத்துக்கும் வெர்னருக்கும் மோதல் ஏற்பட்டது. அவர் தமது தரப்பை அச்சிட்டு வெளியிட்டார். விளைவாக அரசின் பணிகள் பல ஆண்டுகள் அவருக்குக் கிடைக்காமல் போயின.

நிறுவனத்தைக் காப்பாற்றியது ரஷ்யா. 1853 முதல் 1855 வரை, பின்லாந்திலிருந்து கிரைமியா வரை விரிந்த தந்தி வலையமைப்பை அது கட்டியது. தம்பி கார்ல் அங்கு பொறுப்பேற்றார். கட்டுமானத்தோடு பராமரிப்பு ஒப்பந்தத்தையும் பெற்றதே அங்கு நிலையான வருவாய்க்கு வழிவகுத்தது.

கல்கத்தாவுக்கு 28 நிமிடங்கள்

செங்கடல் வழியாக இந்தியாவை நோக்கிப் பதிக்கப்பட்ட பிரித்தானியக் கடலடிக் கேபிளின் மின்சோதனைப் பொறுப்பு 1859இல் சீமென்ஸ் சகோதரர்களிடம் இருந்தது. பணி முடிந்து திரும்பும்போது வெர்னர் பயணம் செய்த ஆல்மா என்ற கப்பல் செங்கடலில் பவளப்பாறையில் மோதி மூழ்கியது. பயணிகள் மீட்கப்படும்வரை பாறையில் காத்திருந்தனர். கேபிளும் நீண்ட காலம் உழைக்கவில்லை.

கடலுக்கு அடியில் கம்பி எந்த இடத்தில் பழுதடைந்துள்ளது என்பதை அறிய, அதன் மின்தடையைத் துல்லியமாக அளக்க வேண்டும். அளப்பதற்கு எல்லோரும் ஏற்கும் ஓர் அலகு அப்போது இல்லை. ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் கொண்ட பாதரசத்தின் மின்தடையை அலகாகக் கொள்ளலாம் என்று 1860இல் வெர்னர் முன்மொழிந்தார். ஓம் என்ற அலகு பின்னர் சர்வதேச அளவில் ஏற்கப்பட்டபோதும், அதை நடைமுறையில் உருவாக்கிக் காட்டப் பாதரசமே பயன்பட்டது.

இந்த அனுபவங்களின் பயன் இந்தோ-ஐரோப்பியத் தந்தித் தடத்தில் வெளிப்பட்டது. லண்டனிலிருந்து பெர்லின், வார்சா, ஒடெசா, டிப்லிஸ் வழியாகத் தெஹ்ரான் வரை சகோதரர்கள் அமைத்த தடம், அங்கிருந்து ஏற்கெனவே இருந்த பிரித்தானியத் தடத்துடன் இணைந்தது. லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே மொத்தம் சுமார் 11,000 கிலோமீட்டர். 1870 ஏப்ரல் 12ஆம் தேதி நடந்த செயல்விளக்கத்தில் லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட செய்தி 28 நிமிடங்களில் கல்கத்தாவை எட்டியது. 1931 வரை இத்தடம் பயன்பாட்டில் இருந்தது.

காந்தமின்றி மின்சாரம்

தந்திக்குச் சிறிதளவு மின்சாரம் போதும். வண்டியை நகர்த்த அது போதாது. ஸ்காட்லாந்தில் ராபர்ட் டேவிட்சன் 1842இலேயே மின்கலத்தால் ஒரு ரயில் வண்டியை ஓட்டிக் காட்டினார். ஆனால் அந்த மின்கலங்களில் கரைந்த துத்தநாகத்தின் விலையோடு ஒப்பிட்டால் நீராவி எஞ்சினுக்கான நிலக்கரி மிக மலிவு.

அக்கால மின்னாக்கிகள் எஃகினாலான நிலைக்காந்தங்களை நம்பியிருந்தன. அவற்றின் ஆற்றலுக்கு வரம்பு உண்டு. மின்காந்தத்தின் இரும்பில் எப்போதும் சிறிதளவு காந்தத்தன்மை எஞ்சியிருக்கும். கம்பிச்சுருளைச் சுழற்றினால் அது சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். அந்த மின்னோட்டத்தை மின்காந்தத்துக்கே செலுத்தினால் காந்தம் வலுப்பெறும். அதனால் மின்னோட்டமும் பெருகும். 1866இல் வெர்னர் செயல்படுத்திக் காட்டிய இக்கோட்பாடு 1867 ஜனவரி 17ஆம் தேதி பெர்லின் அறிவியல் கழகத்தில் வாசிக்கப்பட்டது. இங்கிலாந்தில் சார்லஸ் வீட்ஸ்டனும் சாமுவேல் வார்லியும் ஏறத்தாழ அதே வேளையில் இதே முடிவை எட்டியிருந்தனர். ஹங்கேரியின் ஆன்யோஷ் யெட்லிக் அதற்கும் முன்பே இதை அறிந்திருந்தார். எனினும் டைனமோவைத் தொழிற்சாலைப் பொருளாக மாற்றியதில் வெர்னரின் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

மூன்று சோதனைகள்

1879 மே மாத இறுதியில் தொடங்கிய பெர்லின் தொழிற்கண்காட்சியில், 300 மீட்டர் சுற்றுப்பாதையில் ஒரு சிறிய மின்ரயில் ஓடியது. தலைக்கு ஆறு பேர் அமரும் மூன்று பெட்டிகள். வேகம் மணிக்கு சுமார் 7 கிலோமீட்டர். பாதையின் நடுவில் பதிக்கப்பட்ட இரும்புப் பட்டை வழியாக, வெளியே இருந்த டைனமோவிலிருந்து மின்சாரம் வந்தது. மின்கலத்தைச் சுமக்காமல் ஓடியதே அதன் சிறப்பு. நான்கு மாதங்களில் 86,000க்கும் மேற்பட்டோர் அதில் பயணம் செய்தனர்.

அடுத்தது உண்மையான தெரு. பெர்லினுக்கு அருகிலுள்ள லிக்டர்ஃபெல்டவில் 1881 மே 16ஆம் தேதி சேவை தொடங்கிய 2.5 கிலோமீட்டர் டிராம், பொதுமக்களுக்கு வழக்கமான சேவை அளித்த முதல் மின்சார டிராம் என்று கருதப்படுகிறது. இதில் தண்டவாளங்களே மின்கம்பிகளாகப் பயன்பட்டன. 180 வோல்ட் மின்னழுத்தம் கொண்ட அந்த இரு தண்டவாளங்களையும் ஒரே நேரத்தில் மிதித்த குதிரைகள் அதிர்ச்சிக்கு உள்ளாயின. சாலைக் கடவைகளில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் இத்தடம் மேல்நிலைக் கம்பி முறைக்கு மாற்றப்பட்டது.

மூன்றாவது சோதனை தண்டவாளத்தையே கைவிட்டது. 1882 ஏப்ரல் 29 முதல் ஜூன் 13 வரை ஹாலன்சே பகுதியில் 540 மீட்டர் தூரத்துக்கு ஒரு சாலை வண்டி ஓடியது. தலைக்கு மேல் கட்டப்பட்ட இரு கம்பிகளின் மீது உருண்டோடிய சிறு வண்டி, ஒரு கேபிள் வழியாக அதற்கு மின்சாரம் அளித்தது. இன்றைய டிராலி பஸ்களின் முன்னோடி இதுவே. கரடுமுரடான சாலையில் அது தொடர்ந்து ஓட இயலவில்லை.

மூன்றிலும் மோட்டார் வேலை செய்தது. சிக்கல் ஒவ்வொரு முறையும் மின்சாரம் வந்து சேரும் வழியில்தான் இருந்தது. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் 1888இல் ஃபிராங்க் ஸ்பிரேக் மேல்நிலைக் கம்பி முறையைப் பெரிய அளவில் வெற்றிகரமாக்கிய பின்னரே மின்டிராம் உலகெங்கும் பரவியது. 1895இல் சென்னையில் தொடங்கிய மின்டிராமும் இதே பாடத்தைக் கற்றது. முதலில் தரைக்கடியில் அமைத்த கால்வாய் வழியாக மின்சாரம் பெற்ற அந்த டிராம், மழைநீரால் ஏற்பட்ட தொல்லைகளுக்குப் பின் மேல்நிலைக் கம்பிக்கு மாறியது.

வெல்லாத வாதங்கள்

பெர்லின் நகரின் நடுவே தூண்கள் மீது மின்ரயில் ஓட்டும் திட்டத்தை வெர்னர் 1880இல் முன்வைத்தார். தெருவாசிகள் எதிர்த்தனர்; அனுமதி கிடைக்கவில்லை. அவரது நிறுவனம் கட்டிய உயர்மட்ட மின்ரயில் பெர்லினில் ஓடத் தொடங்கியது 1902இல். அதைக் காண அவர் உயிருடன் இல்லை.

கண்டுபிடிப்பு மட்டும் போதாது, அதைத் தாங்கும் சட்டமும் அளவீடும் தேவை என்பதை அவர் அறிந்திருந்தார். 1877ஆம் ஆண்டின் ஜெர்மானியக் காப்புரிமைச் சட்டத்துக்காக உழைத்தார். துல்லிய அளவீட்டுக்கான அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றுக்காகத் தமது நிலத்தை அளித்தார். 1887இல் அமைந்த அந்நிறுவனத்தின் முதல் தலைவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். தொழிலாளருக்கு 1872இல் ஓய்வூதிய நிதியை ஏற்படுத்தினார். கருணை மட்டுமே அதன் நோக்கம் அல்ல. தேர்ச்சி பெற்றவர்கள் வேறு நிறுவனங்களுக்குச் சென்றுவிடாமல் தடுப்பதும் நோக்கமாக இருந்தது.

எல்லாக் கணிப்புகளும் சரியாக அமைந்துவிடவில்லை. எடிசனின் காப்புரிமைகளைப் பெற்ற எமில் ராத்தனாவ், நகரங்களுக்கு மின்சாரம் விற்கும் தொழிலைப் பெரும் முதலீட்டுடன் தொடங்கியபோது, வெர்னர் அவருக்கு இயந்திரங்கள் செய்து கொடுப்பதோடு நின்றார். பங்குச் சந்தை மூலதனத்தை அவர் விரும்பவில்லை. நிறுவனம் குடும்பத்தின் கையிலேயே இருக்க வேண்டும் என்று கருதினார். நேர்மின்னோட்டத்தின் மீதே அவரது நிறுவனம் நம்பிக்கை வைத்திருந்தது. ராத்தனாவின் ஏ.இ.ஜி நிறுவனமும் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனமும் 1891இல் லாவ்ஃபனிலிருந்து பிராங்பர்ட்டுக்குச் சுமார் 175 கிலோமீட்டர் தூரத்துக்கு மாறுமின்னோட்டத்தைக் கொண்டு சென்று காட்டின. வாழ்நாள் முழுவதும் மின்சாரத்தின் வழியைத் தேடியவரைத் தாண்டி, அந்த வழியை அடுத்த தலைமுறை கண்டுகொண்டது.

1888இல் பேரரசர் மூன்றாம் ஃபிரீட்ரிக் அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தார். 1890இல் பொறுப்புகளிலிருந்து ஓய்வு பெற்ற வெர்னர், தமது வாழ்க்கை நினைவுகளை நூலாக எழுதி முடித்து, 1892 டிசம்பர் 6ஆம் தேதி சார்லட்டன்பர்கில் காலமானார்.

அவர் எழுப்பிய கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை. அவர் நிறுவிய நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன், பிராங்பர்ட்டுக்கு அருகிலுள்ள நெடுஞ்சாலையில் 2019இல் சரக்கு லாரிகளுக்கு மேல்நிலைக் கம்பி வழியே மின்சாரம் வழங்கும் சோதனை தொடங்கப்பட்டது. ஹாலன்சே வண்டி ஓடி 137 ஆண்டுகளுக்குப் பின் நடந்த சோதனை அது. மின்கலத்தைச் சுமந்து செல்வதா, பாதையிலிருந்தே மின்சாரம் பெறுவதா, அதற்கான செலவை வண்டி உரிமையாளர் ஏற்பதா, அரசு ஏற்பதா என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு நாடும் தனக்கான விடையைத் தேட வேண்டியுள்ளது. லிக்டர்ஃபெல்டவின் குதிரைகள் காட்டியதுபோல, அந்த விடை தெருவில் நடப்பவர்களின் பாதுகாப்பையும் கணக்கில் கொண்டதாக இருக்க வேண்டும்.