ஸ்ரீரங்கம் எஸ். ரங்கராஜன் என்னும் சுஜாதா

தஞ்சையினின்றும் திரிசிரபுரம் நோக்கி வரும் பெருவழியில் துவாக்குடி என்னும் ஊர் உளது. இந்நாளில் அவ்வூரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தே பொறியியற் கல்லூரியும், கொதிகலங்களுக்கு வேண்டிய உறுப்புக்களைச் செய்யும் பட்டறைகளும் நினைவுக்கு வரும். ஆயின் 1964ஆம் ஆண்டில் மண்டலப் பொறியியற் கல்லூரி தோன்றுமுன்னர் அவ்விடத்தில் இவற்றுள் யாதொன்றும் இருந்ததில்லை. அதற்குப் பத்தாண்டுகட்கு முன்பு, காவிரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீரங்கத்தினின்றும் பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்று, மின்னணுக் கலையைக் கற்க விரும்பிய இளைஞர் ஒருவர், சென்னையை அடுத்த குரோம்பேட்டைக்குச் செல்லவேண்டியவரானார். அவ்விளைஞரே பிற்காலத்தில் சுஜாதா என்னும் பெயரால் தமிழ்நாடெங்கும் அறியப்பெற்ற ரங்கராஜன் அவர்கள். அவரது வாழ்க்கையை நம் கல்லூரி அன்பர்களுக்கு ஒருவாறு கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரங்கராஜன் 1935ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தார். தந்தையார் உத்தியோகத்தின் நிமித்தம் ஊர்விட்டு ஊர் மாறவேண்டியிருந்தமையால், பிள்ளை ஸ்ரீரங்கத்தில் பாட்டியாரின் வீட்டில் வளர்ந்தார். கீழச்சித்திரை வீதியும், அதிலே பந்தாடும் சிறுவர்களும், திண்ணையிலிருந்து உலக விவகாரங்களைத் தீர்த்துவைக்கும் பெரியோர்களும், ஆண்டுக்கொருமுறை தேரும், மார்கழியில் பாசுரங்களும் அவருக்கு முதற்பள்ளியாயின. இன்று பதின்மூன்று நிலைகளும் 236 அடி உயரமுமாக நிற்கும் தெற்கு இராஜகோபுரம் அந்நாளில் இல்லை. நிறைவுபெறாத அடித்தளம் மட்டுமே மொட்டைக் கோபுரம் என்னும் பெயருடன் நின்றது. அது முற்றுப்பெற்றுக் குடமுழுக்குக் கண்டது 1987ஆம் ஆண்டிலேதான். ஆதலின் அவர் கதைகளில் வரும் ஸ்ரீரங்கம் உயர்ந்த கோபுரத்தின் ஸ்ரீரங்கம் அன்று. மொட்டைக் கோபுரத்தின் ஸ்ரீரங்கமேயாம். இவ்வூரை நேரிற் காணும் முன்பே அக்கதைகளைப் படித்த வெளியூர் மாணவர் சிலர், வந்து பார்த்துத் திகைப்பதற்குக் காரணம் இதுவே.

ஊர் உயர்நிலைப் பள்ளியிற் படிப்பை முடித்தபின், அவர் திரிசிரபுரம் புனித வளனார் கல்லூரியிற் சேர்ந்தார். 1844ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தில் சேசு சபைக் குருமாரால் தொடங்கப்பெற்று, 1883இல் திருச்சிக்குப் பெயர்ந்த பழம்பெருங் கல்லூரி அது. பிற்காலத்தில் இந்தியக் குடியரசின் தலைவராய் விளங்கிய அப்துல் கலாம் அவர்களும் அதே காலத்தில் அக்கல்லூரியில் பயின்றவரே. இருவரும் பின்னர்க் குரோம்பேட்டைத் தொழில்நுட்ப நிலையத்திலும் கல்வி கற்றனர். ஒருவர் விமானக் கலையையும் மற்றவர் மின்னணுக் கலையையும் தெரிந்துகொண்டனர். 1949ஆம் ஆண்டில் இராஜம் என்னும் செல்வர் தம் பொருளைக் கொண்டு நிறுவிய அந்நிலையம், விஞ்ஞானப் பட்டம் பெற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு புதிய துறைகளிற் பயிற்றிவந்தது. அது இல்லாதிருப்பின் இவ்விருவர் வாழ்வும் வேறு வழியிற் சென்றிருக்கக்கூடும்.

எழுத்தின்மீது ரங்கராஜனுக்கு ஆசை உண்டானது ஸ்ரீரங்கத்திலேயே. கவிஞர் திருலோக சீதாராம் அவர்கள் திருச்சியினின்றும் நடத்திவந்த சிவாஜி என்னும் பத்திரிகையில், 1953ஆம் ஆண்டு, மாணவராயிருக்கும்போதே அவரது முதற்கதை அச்சேறியது. தம் பெயரை அச்சிற் காணும் மகிழ்ச்சி எத்தகையதென்பதை இம்மலரில் முதன்முதலாக எழுதும் மாணவர்க்கு நாம் விளக்கவேண்டுவதில்லை. பின்னாளில் நூற்றுக்கணக்கான கதைகளின் ஆசிரியரான பிறகும், அந்த ஒரு கதையின் பிரதி தம்மிடம் இல்லாமற்போயிற்றே என்று வருந்தி, அதனைக் கொணர்வோர்க்குப் பரிசளிப்பதாக வேடிக்கையாய் எழுதி வந்தார். வேடிக்கையினூடே ஏக்கமும் இருந்தது.

கல்வி முடிந்தபின் சர்க்காரின் விமானப் போக்குவரத்துத் துறையில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. சென்னையிலும் பின்னர் டில்லியிலும் பல்லாண்டு பணிபுரிந்தார். வானிற் செல்லும் விமானங்களுக்கு நிலத்திலிருந்து வழி கூறுவது பிழை பொறாத வேலை. வேண்டாத ஒரு சொல்லும் அங்கே பேசலாகாது. அவர் நடையிற் காணும் சுருக்கத்திற்கு அப்பயிற்சியும் ஒரு காரணமோ என்று நாம் ஐயுறுவதுண்டு. 1962இல் குமுதத்தில் அவர் கதை வெளிவந்தது. அப்பத்திரிகையில் ரா. கி. ரங்கராஜன் என்னும் எழுத்தாளர் முன்னரே பெயர் பெற்றிருந்தமையால் வாசகர்கள் மயங்கலாகாதென்று கருதி, தம் மனைவியாரின் பெயரையே புனைபெயராக மேற்கொண்டார். 1968இல் நைலான் கயிறு என்னும் தொடர்கதை சுஜாதா என்ற அப்பெயரோடு வந்தது. ஒரு பெண்மணியே எழுதுகின்றார் என்று நெடுங்காலம் நம்பியிருந்த வாசகர் பலர். இதனிடையே கணையாழி என்னும் இலக்கியப் பத்திரிகையில், ஸ்ரீரங்கம் எஸ். ஆர். என்ற மற்றொரு பெயரில் கடைசிப் பக்கத்தை எழுதிவந்தார். வாரப் பத்திரிகையின் இலட்சக்கணக்கான வாசகர் ஒருபுறம், சிறுபத்திரிகையின் சில நூறு வாசகர் மற்றொருபுறம்; இரு சாராரோடும் ஒரே காலத்தில் உறவாடியவர் தமிழில் மிகச் சிலரே.

அக்கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு அவர் மனம் எத்தனை பொருள்களில் ஓடியதென்பது புலனாகும். படித்த நூல், பார்த்த நாடகம், நல்ல கவிதை, கிரிக்கெட் பந்தயம், புதிதாய் வந்த மின்னணுக் கருவி, எவரோ ஒரு புதிய எழுத்தாளர், பதிப்பகத்தார் செய்த அச்சுப்பிழை, பாதியில் நின்ற பத்திரிகை என எதனையும் அவர் விடுவதில்லை. வெண்பாவின்மீது அவருக்கிருந்த காதல் தனிச் சிறப்புடையது. தளை தட்டாமல் எழுதுவதைக் கணக்குப் புதிர் போன்று நேசித்து, ஈற்றடி கொடுத்து வாசகரையும் எழுதத் தூண்டினார். சப்பானிய நாட்டு ஹைக்கூவைத் தமிழர்க்கு அறிமுகம் செய்து ஒரு நூலும் இயற்றினார். ஆழ்வார் பாசுரங்களையும் புறநானூற்றையும் திருக்குறளையும் எளிய உரைநடையில் விளக்கினார். இவ்வுரைகளைப் புலவர் சிலர் ஏற்கவில்லை. சுருக்கத்தின்பொருட்டு நயம் இழக்கப்பட்டதென்று அவர்கள் கூறியதில் ஒருவாறு நியாயமும் உண்டு. எனினும் புறநானூற்றைப் பரீட்சைக்கன்றித் திறந்தறியாத பலர் அவரால் திறந்தனர் என்பதையும் மறத்தல் கூடாது.

டில்லியினின்றும் பெங்களூருக்குச் சென்ற ரங்கராஜன், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் ஆராய்ச்சித் துறைப் பொறுப்பை ஏற்றார். அவர் வாழ்வில் மிக முக்கியமானதென நாம் கருதும் பகுதி இங்கேதான் உளது. நாட்டின் தேர்தல்களுக்கு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் செய்யும் பணியில் ஹைதராபாத் நிறுவனம் ஒன்றோடு பெங்களூர் நிறுவனமும் ஈடுபட்டது. பெங்களூரில் அதன் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்வையிட்டவர் ரங்கராஜன் அவர்களே. மின்சாரம் இல்லாத கிராமத்திலும் இயங்க வேண்டுமென்று அது மின்கலத்தால் ஓடுமாறு செய்யப்பட்டது. ஒரு பலகையில் பதினாறு பெயர்களாக, நான்கு பலகைகளை இணைத்து அறுபத்துநான்கு வேட்பாளர்வரை இடமளித்தனர். சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாய் முத்திரை குத்தும் கொடுமைக்குத் தடையாக, நிமிஷத்திற்கு ஐந்து வாக்குக்கு மேற்படாதவாறு அதன் வேகத்தை வரையறுத்தனர். வன்முறையாளன் எத்துணை அவசரப்பட்டாலும் இயந்திரம் அவசரப்படாது. இச்சிறு ஏற்பாட்டை எண்ணுந்தோறும் நாம் வியப்பதுண்டு.

1982ஆம் ஆண்டு மே மாதம் கேரள நாட்டுப் பறவூர்த் தொகுதியில் ஐம்பது சாவடிகளில் இவ்வகை இயந்திரம் முதலில் வைக்கப்பட்டது. ஆயின் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்து, அவ்வாக்குப்பதிவைத் தள்ளியது. சட்டம் திருத்தப்பெற்று நடைமுறைக்கு வந்தது 1989இல். பல தொகுதிகளில் மீண்டும் வைக்கப்பட்டது 1998இல். இந்திய நாடு முழுவதும் 543 தொகுதிகளிலும் அதனாலேயே வாக்களித்தது 2004இல். கதையை அடுத்த வாரமே அச்சிற் காணும் பழக்கமுடைய ஒருவர், தம் கைவினை பயன்படுவதைக் காண இருபதாண்டுகட்கு மேல் காத்திருந்தார். அவ்வியந்திரத்தை நம்பலாமா என்ற வழக்கும் வாதமும் அவர் காலத்திலேயே எழுந்தன. அவருக்குப் பின்னும் ஓயவில்லை. வாக்காளர் கண்ணாற் கண்டு தெளியும்படி காகிதச் சீட்டு இணைக்கப்பெற்றது அவர் மறைவுக்குப் பின்னரேயாகும்.

இதே ஆண்டுகளில் அவர் எழுதிய விஞ்ஞானக் கதைகளை இதனோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த என் இனிய இயந்திரா என்னும் நெடுங்கதையில், 2021ஆம் ஆண்டையொட்டிய ஒரு பாரதம் காட்டப்படுகின்றது. அங்கே குடிகளின் பெயர் இரண்டெழுத்துக்கு மேற்படலாகாது. பிள்ளை பெறுவதற்கும் சர்க்காரின் அனுமதிச் சீட்டு வேண்டும். யாவரும் ஜீவா என்னும் தலைவரை வணங்குவர். அத்தலைவரோ ஒளியால் உண்டாக்கிய வெறும் உருவம் என்பது பின்னர் வெளிப்படும். நிலா என்னும் எளிய பெண்ணுக்குத் துணையாய் நிற்பது ஜீனோ என்னும் இயந்திர நாய். பகலில் மக்களாட்சிக்கு ஓர் இயந்திரத்தைச் செய்து, இரவில் இயந்திரத்தின் துணையால் மக்களை ஏமாற்றும் ஆட்சியைக் கற்பனை செய்தவர் ஒருவரே என்பதை நினைக்கும்போது, அவர் தம் கைவினையைக் கண்மூடி நம்பியவரல்லர் என்பது விளங்கும். ஜீனோவைச் சிறுவர்கள் மிகவும் நேசித்தமையால், மீண்டும் ஜீனோ என்னும் தொடர்ச்சியையும் எழுதினார். கொலையுதிர் காலம் என்னும் மற்றொரு தொடரிலோ, கண்ட உருவம் பேயா, விஞ்ஞான வித்தையா என்பதை முற்றும் தீர்க்காமலே விட்டார். முடிவு கூறவில்லையென்று அக்காலத்தில் சினந்தவர்களும் உண்டு. நமக்கு அம்முடிவே உகந்தது.

பத்திரிகை உலகம் அவருக்கு எப்பொழுதும் பூமாலையே சூட்டியதெனக் கருதவேண்டா. 1857ஆம் ஆண்டின் கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்டு அவர் குமுதத்தில் தொடங்கிய கறுப்பு சிவப்பு வெளுப்பு என்னும் தொடர், தங்கள் சாதியை இழிவுபடுத்துவதாகச் சிலர் கொண்ட கோபத்தால் இடையிலே நிறுத்தப்பட்டது. மிரட்டலும் வந்தது. எழுதுகோலை அவர் கீழே வைத்திருக்கலாம். எவரும் குறை கூறியிரார். சிறிது காலத்திற்குப் பின் அதே களத்தை மேற்கொண்டு, ரத்தம் ஒரே நிறம் என்னும் பெயருடன் கதையை முடித்துக் கொடுத்தார். புதிய தலைப்பு யாருக்கு விடை கூறுகின்றது என்பது வெளிப்படை.

விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லுதல் இயலாதென்று எண்ணியிருந்தவர்களுக்கு, ஜூனியர் விகடனில் வந்த ஏன் எதற்கு எப்படி என்னும் வினாவிடைப் பகுதி மறுப்பாக அமைந்தது. வாசகர் கேட்கும் வினா எதுவாயினும், அதனை ஏளனம் செய்யாது விடையிறுத்தார். மூளையைப்பற்றித் தலைமைச் செயலகம் என்றும், சிறு சிலிக்கன் துண்டின் பெருமையைப்பற்றிச் சிலிக்கன் சில்லுப் புரட்சி என்றும் நூல்கள் இயற்றினார். விஞ்ஞானத்தை மக்களிடம் பரப்பியமைக்கு மத்திய சர்க்காரின் விருதும் 1993இல் அவரை நாடி வந்தது. கணிப்பொறியில் தமிழ் எழுத்துக்கள் ஆளுக்கொரு முறையாய்க் கிடந்த காலத்தில், அவற்றிற்கு ஒருமைப்பாடு வேண்டுமென்று விடாது வற்புறுத்தியவர்களுள் அவரும் ஒருவர்.

பணி ஓய்வுக்குப்பின் சென்னையிற் குடியேறினார். சிறிது காலம் குமுதத்தின் ஆசிரியராயிருந்தார். அம்பலம் என்னும் மின்னிதழையும் நடத்தினார். சினிமாவிலும் அவர் பெயர் பரவியது. முன்னரே காயத்ரி, பிரியா முதலிய கதைகள் படமாகி, மூலத்தினின்றும் வெகுதூரம் விலகியமையால் அவர்க்கு மனக்குறை இருந்தது. 1992இல் ரோஜா, 1996இல் இந்தியன் என, பின்னர்த் தாமே உரையாடல் எழுதலானார். படங்களுக்குச் செலவிட்ட காலத்தில் இன்னும் ஒரு டஜன் ஸ்ரீரங்கத்துக் கதைகளை எழுதியிருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகின்றது. வாரந்தவறாது எழுதும் அவசரத்தில் அவருடைய துப்பறியும் தொடர்கள் சில மெலிந்துபோயின என்பதையும் மறைத்தற்கில்லை. ஸ்ரீரங்கத்து தேவதைகள் என்னும் தொகுதியில் அந்த அவசரம் சிறிதும் இல்லை. நகரம் என்னும் சிறுகதையில், நோயுற்ற மகளோடு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, சீட்டும் வரிசையும் விளங்காமல் அலையும் கிராமத்துத் தாயை ஒருமுறை கண்டவர் மறவார். இயந்திரங்களைப்பற்றி எழுதிய அத்தனை பக்கங்களையும்விட இச்சில பக்கங்களே நெடுநாள் நிற்குமென்பது நம் துணிபு.

இதயநோயும் பிற உபாதைகளும் வருத்தியபோதும் ஆனந்த விகடனில் கற்றதும் பெற்றதும் என்னும் பகுதியை எழுதிவந்தார். அதில் தம் ஆஸ்பத்திரி அனுபவங்களையும், புதிய கவிஞரின் நூலையும், அன்றைய கிரிக்கெட்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினார். இயந்திர மனிதனைப்பற்றிய எந்திரன் என்னும் படத்திற்கு அவர் எழுதிய உரையாடல், அவர் மறைந்தபின் 2010ஆம் ஆண்டில் திரைக்கு வந்தது. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் சென்னையில் ரங்கராஜன் அவர்கள் காலமானார்கள். அடுத்த ஆண்டு நடந்த பாராளுமன்றத் தேர்தலில், துவாக்குடியிலும் ஸ்ரீரங்கத்திலும் மக்கள் வரிசையில் நின்று, அவர் உருவாக்கத்திற் பங்குகொண்ட இயந்திரத்தின் பொத்தானை அழுத்திச் சென்றனர்.