ஊரில் தங்கிய மருத்துவம்: சாமுவேல் கிறீன் வாழ்க்கை வரலாறு

நோயுற்றவனுக்கு மருந்தளிப்பது பேரறம் என்பதைத் தமிழ்ச் சமுதாயம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. ஔடத தானத்துக்கென நிலமும் பொருளும் எழுதிவைத்தோர் பலர். ஆயினும் கொள்ளைநோய் ஊரைச் சூழும் நாளில், மருந்து உலகின் ஏதோ ஒரு மூலையில் இருக்கிறது என்னும் செய்தி ஏழைக்கு ஆறுதல் தராது. அம்மருந்து அவன் வாசலுக்கு வரவேண்டும். கொண்டுவருபவர் அவன் பேசும் மொழியைப் பேசவேண்டும். இவ்வுண்மையை நன்குணர்ந்து, தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைத் தமிழ் மண்ணில் செலவிட்ட அயல்நாட்டார் ஒருவர் உண்டு. அவரே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் 1822 அக்டோபர் 10 ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சார்ந்த வூஸ்டர் நகரில் பிறந்தார். உடன்பிறந்தார் பலர் நிறைந்த பெரிய குடும்பம் அது. அவர்களுள் ஒருவராகிய ஆண்ட்ரூ கிறீன், நியூயார்க் நகரின் புகழ்பெற்ற சென்ட்ரல் பூங்கா உருவாகப் பாடுபட்டவர். சாமுவேல் கிறீன் நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845 இல் பட்டம் பெற்றார். அப்பெருநகரிலேயே தொழில் நடத்திப் பொருளும் புகழும் ஈட்ட அவருக்கு வழி இருந்தது. அவரோ அமெரிக்க மிஷனில் சேர்ந்து, கடல்கடந்து, 1847 இல் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

யாழ்ப்பாணத்துக்கு மேலைமுறை மருத்துவம் அவருக்கு முன்பே வந்திருந்தது. 1820 இல் ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் நேதன் வார்டு வட்டுக்கோட்டையில் பணியாற்றினார். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, 1848 இல் மானிப்பாய்க்கு வந்தார். அவ்வூரே அவருடைய பணிக்களமாயிற்று.

அவர் வந்த காலம் வாந்திபேதியின் காலம். 1817 இல் வங்கத்திலிருந்து பெருகிப் புறப்பட்ட அந்நோய், அலைமேல் அலையாக உலகைச் சுற்றிவந்தது. வணிகக் கப்பலோடும் படைகளோடும் திருவிழாக் கூட்டங்களோடும் அது பயணம் செய்தது. இலங்கைக்கு அது வந்த வழியைத் தமிழர் மறத்தல் இயலாது. கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களுக்காகத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி முதலிய சீமைகளிலிருந்து வறிய மக்கள் கூட்டங்கூட்டமாகக் கடல்கடந்தனர். வானம் பொய்த்த கரிசல் நிலத்து உழவர்களும் அவர்களுள் இருந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே பல நாள் கால்நடையாகச் சென்ற அம்மக்களைப் பசியும் நோயும் தொடர்ந்தன. வழியில் விழுந்தவர்களின் கணக்கை எவரும் முழுமையாக எழுதிவைக்கவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நில அமைப்பும் அந்நோய்க்குத் துணையாயிற்று. அங்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையை அகழ்ந்தெடுத்த கிணறுகளே மக்களுக்கு நீர் தருவன. மழைக்காலத்தில் நிலத்தின் மேலுள்ள அழுக்கெல்லாம் பாறை வெடிப்புகளின் வழியே கிணற்றில் இறங்கும். ஒரு கிணற்றில் நஞ்சு கலந்தால் அக்கிணற்றை நம்பிய வீடுகள் அனைத்துக்கும் ஆபத்து நேரும்.

வாந்திபேதியின் கொடுமை அதன் வேகத்தில் இருக்கிறது. காலையில் நலமாக வயலுக்குப் போனவர் மாலையில் உடலின் நீரெல்லாம் வற்றி மாண்டுபோவதுண்டு. இத்தகைய நோய்க்குத் தொலைவிலுள்ள மருத்துவமனை பயன்படாது. சென்னையில் 1835 இல் மருத்துவப் பள்ளி தோன்றியது. கொழும்பிலோ 1870 இல்தான் தோன்றியது. மாட்டுவண்டியும் கால்நடையுமே போக்குவரத்தாக இருந்த நாளில், மானிப்பாயில் ஒரு மருத்துவர் இருப்பதனால் நெடுந்தீவில் நோயுற்றவருக்கு என்ன பயன்? மக்கள் நாட்டு வைத்தியரை நாடியதற்கு மரபின்மீதுள்ள பற்று மட்டும் காரணமன்று. அவர் அருகில் இருந்தார், அழைத்தவுடன் வந்தார், அவர்களுடைய பேச்சில் பேசினார். மேலைமுறை மருத்துவமும் அவ்வாறு ஊரில் தங்கினாலன்றி ஏழைக்கு எட்டாது என்பதைக் கிறீன் விரைவிலேயே கண்டுகொண்டார்.

ஆகவே தாம் ஒருவரே ஆயிரம்பேருக்கு மருந்து கொடுப்பதைவிட, மருந்து கொடுக்க வல்லவர்களை உருவாக்குவதே சிறந்தது என்று துணிந்தார். மானிப்பாய்க்கு வந்த 1848 ஆம் ஆண்டிலேயே தமிழ் இளைஞர் சிலருக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பு மருத்துவப் பள்ளிக்கு இருபத்திரண்டு ஆண்டு முற்பட்ட முயற்சி இது. தாமும் தமிழை முறையாகக் கற்றார். நோயாளியின் துன்பத்தை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகக் கேட்பதில் அவருக்கு உடன்பாடு இல்லை.

முதற்கண் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். மாணாக்கர் நன்கு கற்றுத் தேறினர். ஆயினும் எதிர்பாராத விளைவு ஒன்று தோன்றியது. ஆங்கிலமும் மருத்துவமும் கற்ற இளைஞருக்கு அரசாங்கப் பணியும் வெளியூர் ஊதியமும் எளிதிற் கிடைத்தன. அவர்கள் கற்றது ஊருக்காக. ஆனால் ஊரில் தங்குவோர் குறைந்தனர். இதில் அவ்விளைஞரைக் குறைகூற இடமில்லை. நல்வாழ்வை நாடுவது மனித இயல்பு. ஆனால் எந்தக் குடிசைக்காக மருத்துவம் கற்பிக்கப்பட்டதோ, அந்தக் குடிசை முன்போலவே மருந்தின்றி இருந்தது.

1850 களின் இறுதியில் தாயகம் சென்ற கிறீன், 1862 இல் மார்கரெட் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்து யாழ்ப்பாணம் திரும்பினார். இம்முறை அவர் உறுதியான முடிவோடு வந்தார். 1864 முதல் மருத்துவக் கல்வி முழுவதையும் தமிழிலேயே நடத்தினார். தமிழில் கற்றவர் தமிழ் ஊர்களிலேயே தங்குவர். தாம் கற்றதை நோயாளிக்கும் அவர் குடும்பத்தாருக்கும் விளக்கவும் வல்லவராவர் என்பது அவர் கருத்து. தம் மாணாக்கர் மேனாட்டு உடையைத் தவிர்த்துத் தமிழர் உடையிலேயே இருக்கவேண்டும் என்றும் விரும்பினார். கிறித்தவ சமயப் பணியே அவரை இந்நாட்டுக்கு அழைத்துவந்தது. ஆயினும் தமிழர் தம் மொழியையும் நடையுடையையும் துறந்து அயலாராக மாறவேண்டும் என்று அவர் எண்ணவில்லை.

தமிழில் கற்பிக்க நூல் வேண்டுமே! அந்நூல்களை ஆக்குவதே அவருடைய பெருந்தொண்டாக அமைந்தது. 1857 இல் பிரசவ வைத்தியம் வெளிவந்தது. 1867 இல் இரண வைத்தியம், 1872 இல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் ஆகியவை வெளிவந்தன. வேதியியல் நூலாகிய கெமிஸ்தம் 1875 இல் நாகர்கோவிலில் அச்சாயிற்று. மனுஷ சுகரணமும் இந்து பதார்த்த சாரமும் அவர் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் நிறைவெய்தின. மகப்பேறு, அறுவை, உடலமைப்பு, உடலியக்கம், மருந்தியல் எனத் துறைதோறும் தமிழில் ஒரு நூல் நின்றது. தம்மிடம் கற்ற தமிழ் மாணாக்கரையே இப்பணியில் துணையாகக் கொண்டார். கலைச்சொல்லுக்கு முதலில் தமிழையும் வடமொழியையும் நாடினார். அவ்விரண்டிலும் பொருத்தமான சொல் அமையாதவிடத்தே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப அமைத்துக்கொண்டார். சொற்களைத் தொகுத்துத் தனி அகராதிகளும் வெளியிட்டார்.

கற்றவருக்கு நூல் எழுதியதோடு அவர் அமையவில்லை. வாந்திபேதி, உடல் தூய்மை, தாய்சேய் நலம் முதலியன பற்றிப் பொதுமக்கள் படித்துணரத்தக்க சிறு வெளியீடுகளையும் எளிய தமிழில் வழங்கினார். எழுத்தறிந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்து படித்தால் தெருவே கேட்கும் காலம் அது.

1866, 1867 ஆம் ஆண்டுகளில் குடாநாட்டில் வாந்திபேதி மிகக் கடுமையாகப் பரவியது. கிறீனிடம் பயின்றோர் நோயாளரிடையே பணியாற்றினர். அந்நாளில் மருத்துவம் எத்தனை வலுவற்றதாக இருந்தது என்பதை நினைத்தால்தான் அவர்கள் செய்கையின் அருமை புலனாகும். நோய் குடிநீரால் பரவுகிறது என்பதை இலண்டனில் ஜான் ஸ்நோ 1854 இல் எடுத்துக்காட்டியிருந்தும், அக்கருத்தை மருத்துவ உலகம் முழுமையாக ஏற்றிருக்கவில்லை. அபின் கலந்த மருந்துகளையும் இரசக் கலவைகளையுமே அக்கால மருத்துவர் பெரிதும் நம்பினர். அவை நோயை வேரறுக்க வல்லவை அல்ல. இன்று எளிதிற் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் பெருமை, 1971 இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகாலனபிஸ் ஆற்றிய தொண்டின் பின்னரே உலகெங்கும் விளங்கியது. அங்கும் வெற்றி தந்தது விலையுயர்ந்த கருவியன்று. தாயும் உறவினருமே தம் கையால் புகட்டத்தக்கதாக மருந்து அமைந்ததுதான்.

கிறீன் காலத்தில் அத்தகைய மருந்து இல்லை. எனினும் நோயுற்றவரைத் தொட்டுப் பார்க்க ஒருவர் வந்தார். நோயாளி கைவிடப்படவில்லை. எதை உண்பது, வீட்டை எவ்வாறு தூய்மை செய்வது என்பதைச் சொந்த மொழியில் சொல்ல ஆள் இருந்தது. உற்றாரும் அஞ்சி விலகும் கொள்ளைநோய்க் காலத்தில் இது சிறிய உதவியன்று.

உடல்நலம் குன்றவே, 1873 இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுத் தாயகம் சென்றார். அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவரை அவர் உருவாக்கியிருந்தார். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே மருத்துவம் கற்றவர். வூஸ்டரில் ஓய்ந்திருந்த காலத்தும் தமிழ் அவரை விடவில்லை. அவரும் தமிழை விடவில்லை. உலகின் மறுகோடியில் அமர்ந்து, தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்தியும் மொழிபெயர்த்தும் அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் ஆக்கிய நூல்களின் பக்கங்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை. 1884 மே 28 ஆம் நாள் அவர் காலமானார். வாந்திபேதிக் கிருமியை இராபர்ட் கோக் கல்கத்தாவில் ஆய்ந்து உறுதிசெய்ததும் அதே ஆண்டில்தான். தாம் வாழ்நாளெல்லாம் எதிர்த்து நின்ற பகைவனின் உருவம் உலகுக்குத் தெளிவாகத் தெரிந்த ஆண்டில் கிறீன் கண்மூடினார்.

அவர் மூட்டிய விளக்கு அவர் விரும்பியவாறே எரியவில்லை. ஆங்கிலம் அறிந்தவருக்கே அரசுப் பணியும் மதிப்பும் உரியனவாக இருந்த காலத்தில், தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நெடுநாள் நீடிக்கவில்லை. நூல்கள் நூலகங்களில் தங்கின. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை நின்றது.

ஆனால் அவர் எழுப்பிய வினா மறையவில்லை. 2020 இல் கொரோனா உலகை முடக்கியபோது, பேருந்து நின்ற சிற்றூர்களில் அதே வினா மீண்டும் எழுந்தது. சங்கரன்கோவிலை அடுத்த திருவேங்கடம் போன்ற கரிசல் காட்டு ஊராயினும், வடதமிழகத்து வயலூராயினும், காய்ச்சல் கண்ட கூலித் தொழிலாளிக்குத் தேவைப்பட்டது ஒன்றே: நடந்துசெல்லும் தொலைவில் ஒரு சுகாதார நிலையம், வீடு தேடிவந்து அவன் பேச்சில் விளக்கும் ஒரு செவிலியர். நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் நாள்தோறும் மருந்துண்ணும் முதியவர், மாதம் நிறைந்த கர்ப்பிணி ஆகியோருக்கு அத்தேவை இன்னும் மிகுதி. கொள்ளைநோய் வந்தபின் இவற்றை அமைக்க இயலாது. முன்னரே ஊரில் வேரூன்றியிருந்தால்தான் அந்நாளில் நிழல் தரும்.

மருந்தைக் கொடுப்பவர் ஒருநாள் பிணி தீர்ப்பார். மருந்தறிவை ஊராருக்கு ஊரார் மொழியில் கொடுப்பவர், தாம் சென்றபின்னும் பிணி தீர்ப்பார். திருவிழாவின் பெயரால் மருத்துவ முகாம் நடத்தும் அன்பர்களும், ஏழை மாணவரை மருத்துவக் கல்விக்கு அனுப்ப உதவும் குடும்பத்தாரும் கிறீன் வரலாற்றில் கற்றுக்கொள்ளத்தக்கது இதுவே. முகாம் ஒருநாளில் முடிந்துவிடும். நம் ஊர்ப்பிள்ளை ஒருவர் செவிலியராகவோ மருத்துவராகவோ கற்று, நம் ஊரிலேயே தங்கினால், அந்தத் தானத்துக்கு முடிவில்லை.