சந்திரபாபுவின் சிரிப்புக்குப் பின்னால்

தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1920களில் பிறந்து, பனிமய மாதாவின் பெயரால் பனிமயதாஸ் என்று அழைக்கப்பட்டவரே நடிகர் சந்திரபாபு. தகப்பனார் சுதந்திரப் போராளி. குடும்பம் கொழும்புக்குக் குடிபெயர்ந்ததால் பள்ளிப்படிப்பு நம் நாட்டில்தான்.

சென்னை சென்று 1947இல் திரையில் தோன்றினார். வாய்ப்பின்றி மனமுடைந்து 1952இல் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். 1958இல் வெளியான 'சபாஷ் மீனா' அவரை உச்சிக்கு ஏற்றியது. பெரகல லயங்களிலும் வானொலி வழியாக அவர் குரல் ஒலித்தது.

திருமணம் நிலைக்கவில்லை. சொந்தமாகத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' நின்றுபோய்க் கடனில் தள்ளியது. குடி கூடவே வளர்ந்தது. துன்பம் குடியைத் தந்ததா, குடி துன்பத்தைத் தந்ததா என்று கேட்போர் உண்டு. குடிக்கிறவரின் வீட்டாருக்கு அந்த விசாரணையால் பயனில்லை.

நாமோ தள்ளாடி விழுகிறவரையே குடிகாரர் என்கிறோம். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவரைச் சந்தேகிப்பதில்லை. ஆனால் அடையாளங்கள் முன்னரே தெரியும். பழைய அளவு போதாமற் போகும். ஒளித்துக் குடிப்பார், கேட்டால் சீறுவார். முந்திய இரவு நடந்தது நினைவிராது. பெரட்டுக்குப் பிந்துவார். விடியலில் கை நடுங்கும், ஒரு வாய் குடித்ததும் அடங்கும். இந்த நடுக்கம் கண்டவரை வீட்டில் அடைத்துவைத்து ஒரேயடியாக நிறுத்தச் செய்வது ஆபத்து. வலிப்பு வந்து உயிரே போகலாம். ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சந்திரபாபுவின் வீடு கைமாறியது, படங்கள் குறைந்தன. 1974 மார்ச் 8ஆம் நாள், ஐம்பது வயதைத் தாண்டாமலே, சென்னையில் காலமானார். இசையமைப்பாளர் எம். எஸ். விசுவநாதன் முன்நின்று அடக்கம் செய்வித்தார்.