தவளையைத் தராசில் வைத்தவர்

மழை பிடித்துவிட்டால் உத்திரமேரூர் ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் தவளைச் சத்தம் காதைத் துளைக்கும். அவற்றில் ஒன்று மட்டும் வீட்டுக்குள்ளேயே குடியேறிவிடும். குளியலறைச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் மரத்தவளை. தேரை என்றும் சொல்வார்கள். குழந்தை மெலிந்து போனால், தேரை பாய்ந்துவிட்டது என்று அதன்மேல் பழி போடுவதும் உண்டு. பாவம், குழந்தை மெலிவது சத்துக் குறைவாலும் நோயாலும்தான். தேரை என்ன செய்யும்?

சரி, தேரையே மெலிந்து போனால்? அதைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்த மனிதர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ராபர்ட் டவுன்சன்.

1762-ல் இங்கிலாந்தில் பிறந்தவர் டவுன்சன். தந்தை வியாபாரி. மகனையும் தொழில் பழக அனுப்பினார்கள். அதில் அவருக்கு மனம் செல்லவில்லை. ஊர் ஊராகச் சுற்றுவதும் கல், செடி, பூச்சி என்று கண்டதையெல்லாம் ஆராய்வதுமே அவருக்குப் பிடித்தது. பாரிஸிலும் எடின்பரோவிலும் படித்தார். பிறகு ஜெர்மனியிலுள்ள கெட்டிங்கன் நகருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர் இரண்டு மரத்தவளைகளை வளர்த்தார். கட்டைவிரல் அளவே இருக்கும் பச்சைத் தவளைகள் அவை. ஒன்றுக்கு டாமன் என்றும் மற்றொன்றுக்கு முசிடோரா என்றும் பெயர் வைத்தார். ஆங்கிலக் கவிதை ஒன்றில் வரும் காதலர்களின் பெயர்கள் இவை! ஜன்னலோரம் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார். குளிர்காலத்தில் ஈ கிடைக்காதே என்று முன்கூட்டியே ஈக்களைப் பிடித்துச் சேமித்தார். செத்த ஈயைத் தவளை தொடாது. அசைந்தால்தான் அதற்கு இரை. ஆகவே, செத்த ஈயை அசைத்துக் காட்டி முசிடோராவை ஏமாற்றித் தின்ன வைத்தார். பெற்ற பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதற்குக்கூட இத்தனை பொறுமை எத்தனை பேருக்கு வரும்?

இப்படிக் கண்ணும் கருத்துமாகப் பார்த்ததில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதை அவர் பார்க்கவே இல்லை. ஆனாலும் வறண்ட இடத்தில் இருந்தால் மெலிகிறது. ஈரம் பட்டால் கொழுகொழுவென்று ஆகிறது. எப்படி?

தராசை எடுத்தார். காய்ந்து மெலிந்த தவளையை நிறுத்தார். ஈரமான மை ஒற்றுத்தாளின் மேல் அதை உட்கார வைத்தார். சிறிது நேரம் கழித்து மறுபடி நிறுத்தார். எடை நன்றாக ஏறியிருந்தது! வாய் தாளில் படவே இல்லை. வயிற்றுத் தோல்தான் தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது. உலர்ந்த காற்றில் எடை குறைவதும் அந்தத் தோல் வழியாகத்தான் என்று கண்டுகொண்டார்.

தவளை தன் வாயால் கெடும் என்பது நம்மூர்ப் பேச்சு. தண்ணீர் குடிக்கவோ அதற்கு வாயே வேண்டாம்.

இதை 1794-லிலும் அதற்கடுத்த ஆண்டிலும் கெட்டிங்கனில் லத்தீன் மொழியில் வெளியிட்டார். 1799-ல் ஆங்கிலத்திலும் எழுதினார். நெடுங்காலம் அதைக் கவனித்தவர்கள் அதிகம் இல்லை. தவளையின் அடிவயிற்றிலும் பின்தொடைகளிலும் உள்ள தோலே தண்ணீரை அதிகமாக இழுக்கிறது என்பது இப்போது நன்றாகத் தெரியும். தண்ணீரோடு விஷமும் அந்த வழியே உள்ளே போய்விடும். நெல் வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கும்போது தவளைக்கு ஆபத்து வருவது இதனால்தான். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் மரத்தவளை பகலில் கைகால்களை மடக்கி ஒடுங்கி உட்காருவதும் தண்ணீரைக் காப்பாற்றத்தான். தன் தோலில் சுரக்கும் கசிவைக் காலால் உடம்பெங்கும் பூசிக்கொள்ளவும் அதற்குத் தெரியும்.

டவுன்சன் ஹங்கேரி நாட்டைச் சுற்றிப் பார்த்து 1797-ல் ஒரு பெரிய பயண நூல் எழுதினார். ஆனாலும் அவர் விரும்பிய உத்தியோகம் இங்கிலாந்தில் கிடைக்கவில்லை. 1807-ல் கப்பல் ஏறி ஆஸ்திரேலியாவிலுள்ள சிட்னிக்குப் போனார். நிலம் கிடைக்கும் என்று நம்பிப் போனவரை ஆளுநர் பிளை காக்க வைத்தார். காத்திருந்த பிறகே நிலம் கையில் வந்தது. அங்கே ஆடு மாடு வளர்த்தார். திராட்சைத் தோட்டம் போட்டார். தவளைகளைப் பற்றி அதன் பிறகு அவர் எதுவும் வெளியிடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்து, 1827-ல் அந்த நாட்டிலேயே கண் மூடினார்.