பூதிகோட்டைச் சிறுவன்

கோலார் தங்கவயலை அடுத்துப் பூதிகோட்டை என்னும் சிற்றூர் உள்ளது. சாம்பற்கோட்டை என்பது அப்பெயரின் பொருள். ஆங்கிலேயரைக் கதிகலங்கச் செய்த ஐதர் அலி 1720-ஆம் ஆண்டளவில் பிறந்தது இவ்வூரிலேதான். அவர் நடத்திய போர்களை நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால் அவர் இளமையில் பட்ட கொடுமையை நம்மில் பலர் அறியோம்.

தந்தை பத்தே முகமது சீரா நவாபின் படைத்தலைவர். அவர் போரிலே மாண்டார். உடனே, கடன் பாக்கியைக் காரணம் காட்டி, தொட்டபள்ளாப்பூரை ஆண்ட அப்பாஸ் குலி கான் அக்குடும்பத்தின் உடைமைகளைப் பறித்துக்கொண்டான். அதுவும் போதாமல், ஏழு வயதளவே ஆன ஐதரையும் அண்ணன் சபாசையும் பெருமுரசுக்குள் அடைத்து, தோலை இறுக்கிக் கட்டி, மேலே கோல்கொண்டு அடிக்கச் செய்தான் என்று பழைய வரலாறுகள் கூறும். பிள்ளைகள் அலறினால் பணம் வரும் என்பது அவன் கணக்கு! மைசூர்ப் படையில் இருந்த உறவினர் ஒருவர் அவர்களை மீட்டார்.

எழுதப் படிக்க அறியாத அச்சிறுவன் வளர்ந்து மைசூர்ப் படையிற் சேர்ந்தார். 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் புகழ் பெற்றார். 1755-இல் நம் திண்டுக்கல்லுக்குத் தலைவராகி, பிரெஞ்சுக்காரர் துணையுடன் அங்கே படைக்கலச் சாலை அமைத்தார். 1761-இல் மைசூரின் ஆட்சியே அவர் கைக்கு வந்தது. 1769-இல் சென்னையின் வாயில்வரை வந்து ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார்.

இத்தகைய வீரருக்கு உறக்கம் மட்டும் பகையாயிருந்தது. தூக்கத்தில் அடிக்கடி திடுக்கிடுவார் என்றும், கனவிலும் கொலைஞரைக் காணாத யோகியின் வாழ்வே தம் வாழ்வினும் மேல் என்று நண்பரிடம் சொன்னார் என்றும் ஒரு செய்தி உண்டு.

பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் இத்தகைய துன்பத்திற்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல்தான் தனி நோய்ப்பெயர் அளித்தது. இறந்த மன்னருக்கு நாம் நோய்ப்பெயர் சூட்டுதல் தகாது. அரியணைக்குரிய பகைகளே அவர் உறக்கத்தைக் கெடுத்திருக்கலாம். எனினும் முரசுக்குள் கிடக்கும் குழந்தையின் மூளையில் என்ன நிகழும் என்பதை இன்றைய அறிவியல் ஓரளவு அறியும். ஆபத்தில் நாரட்ரினலின் பெருகுகிறது. வாதுமைப் பருப்பு வடிவான அமிக்டலா என்னும் பகுதி கிளர்ச்சியுற்று, அந்நிகழ்ச்சியை ஆழப் பதிக்கிறது. கார்ட்டிசால் என்னும் சுரப்பு உடலைப் போராட்டத்திற்கு ஆயத்தம் செய்து, பின்னர் கிளர்ச்சியைத் தணிக்கவும் உதவுகிறது. அத்தணிப்பை நெறிப்படுத்தும் புரதங்களுள் ஒன்று எஃப்.கே.பி.பி.5. அதன் மரபணுவில் ஒருவகையை உடையோர் சிறுவயதிற் கொடுமைக்கு ஆளானால், அம்மரபணுவின்மேல் உள்ள மெத்தில் குறிகள் சில நீங்குவதை 2013-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. அதைப் படிக்கும் முறை மாறுகிறது. தணிக்கும் ஏற்பாடும் தடுமாறுகிறது. ஆகவே, நடந்ததை மறந்துவிடு என்று ஒருவரிடம் சொல்வது எளிது. உடல் அதற்கு எளிதில் இணங்குவதில்லை.

அப்படியானால் வடு வைத்ததே விதியா? இல்லை. அச்சம் தணியும்போதும் பழைய நினைவு அழிவதில்லை. இப்போது ஆபத்தில்லை என்னும் புதுப்பாடத்தை மூளை அதன்மேல் கற்றுக்கொள்கிறது. பரிவுடையோர் துணையும் தக்க மருத்துவமும் அப்பாடத்திற்கு உதவுகின்றன.

1761-இல் ஐதர் தொட்டபள்ளாப்பூரைப் பிடித்தார். அப்பாஸ் குலி கான் சென்னைப் பக்கம் ஓடிப் பிழைத்தான். அவனுடைய தாய் அகப்பட்டுக்கொண்டாள். சிறைப்பட்ட நாளில் அவ்வம்மை தமக்குக் காட்டிய இரக்கத்தை நினைந்து, ஐதர் அவளை நன்கு நடத்தினார் என்பர். முரசின் ஓசையை மறவாத உள்ளம் அதனிடையே கேட்ட அன்புச் சொல்லையும் மறக்கவில்லை!

1782 டிசம்பர் 7-ஆம் நாள், சித்தூருக்கு அருகே படைவீட்டில், முதுகில் எழுந்த இராசபிளவையால் அவர் உயிர் நீத்தார். உடலை முதலில் கோலாரில், தந்தையின் கல்லறையிலே வைத்தனர். பின்னரே சீரங்கப்பட்டணம் கொண்டு சென்றனர். அவர் வெற்றிகளைப் போற்றும் நாம், துன்புறும் குழந்தைக்கு ஒருவர் காட்டும் சிறு இரக்கமும் வீண்போவதில்லை என்பதையும் அவர் வாழ்விலிருந்து கற்போமாக.