பூதத்தின் குகையில் நக்கீரர்

மதுரைக்குத் தென்மேற்கே சுமார் 8 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பெரிய பாறை மலை இருக்கிறது. அதுதான் திருப்பரங்குன்றம். முருகனின் அறுபடை வீடுகளில் முதல் வீடு.

முன்னொரு காலத்தில் அந்த மலைக் குகையில் ஒரு பூதம் இருந்ததாம். ஆயிரம் பேரைச் சேர்த்து ஒரே நாளில் தின்ன வேண்டும் என்பது அதன் ஆசை. 999 பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆயிரமாவதாக அகப்பட்டவர் யார் தெரியுமா?

புலவர் நக்கீரர்!

ஆசிரியரின் மகன்

நக்கீரர் மதுரைக்காரர். கடைச் சங்கப் புலவர். தந்தை மதுரைக் கணக்காயனார். கணக்காயர் என்றால் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர். சங்கு அறுத்து வளையல் செய்யும் குலத்தில் பிறந்தவர் நக்கீரர் என்று வழிவழியாகச் சொல்வார்கள்.

அவர் பாடிய நூல் நெடுநல்வாடை. மொத்தம் 188 அடிகள். குளிர்கால இரவு. அரண்மனையில் அரசி கணவனைப் பிரிந்து வாடுகிறாள். போர்க்களப் பாசறையில் அரசன் உறங்கவில்லை. காயம்பட்ட வீரர்களைப் பார்த்து ஆறுதல் தருகிறான். பிறர் துன்பத்தைக் கண்டு உருகும் மனம் புலவருக்கு இருந்தது.

கடவுளோடு வழக்கு

ஏழை தருமிக்குச் சிவபெருமான் பாட்டு எழுதிக் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டு என்பது பாட்டின் கருத்து. பொருளில் குற்றம் உண்டு என்றார் நக்கீரர். இறைவனே நேரில் வந்து வாதாடினார். நெற்றிக் கண்ணையும் திறந்தார். புலவர் அஞ்சவில்லை. வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தாரே தவிர, சொன்ன சொல்லை மாற்றவில்லை. பிறகு இறைவன் அருளால் கரையேறினார். 1965-ல் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படம் இந்தக் கதையைப் பட்டிதொட்டி எங்கும் கொண்டு சென்றது.

ஓர் இலை செய்த வேலை

அப்படிப்பட்டவர் பூதத்திடம் எப்படி அகப்பட்டார்? திருப்பரங்குன்றத்தில் சொல்லும் கதை இது.

நக்கீரர் குளக்கரையில் அமர்ந்து சிவபூசை செய்துகொண்டிருந்தார். மரத்திலிருந்து ஓர் இலை விழுந்தது. பாதி தண்ணீரில், பாதி தரையில். தண்ணீரில் கிடந்த பாதி மீன் ஆயிற்று. தரையில் கிடந்த பாதி பறவை ஆயிற்று. மீன் நீருக்குள் இழுக்கிறது. பறவை வானத்துக்கு இழுக்கிறது! இந்த அதிசயத்தைப் பார்த்த நக்கீரரின் மனம் ஒரு கணம் பூசையை விட்டு அகன்றது.

அந்த ஒரு கணம் போதாதா? பூசையில் மனம் தவறியவர்களைப் பிடிப்பதுதான் பூதத்தின் வழக்கம். அதன் பெயர் கற்கிமுகி. குதிரை முகம் கொண்ட பெண் பூதம். புலவரைத் தூக்கிச் சென்று குகையில் அடைத்தது. பிறகு, குளித்துவிட்டு வந்து விருந்து உண்ணலாம் என்று புறப்பட்டது.

999 பேரின் கண்ணீர்

குகையில் இருந்தவர்கள் அழுதார்கள். ஆயிரமாவது ஆள் வராதவரை அவர்களுக்கு உயிர் இருந்தது. நக்கீரர் வந்தார், கணக்கு முடிந்துவிட்டது!

தன் பொருட்டு இத்தனை பேர் சாவதா என்று புலவர் கலங்கினார். வாளும் இல்லை, வேலும் இல்லை. கையில் இருந்தது தமிழ் ஒன்றுதான். முருகனை நினைத்துத் திருமுருகாற்றுப்படையைப் பாடினார். முருகன் வேலோடு வந்தான். பூதம் மடிந்தது. குகை திறந்தது. ஆயிரம் பேரும் வெளியே வந்தார்கள்!

எல்லாப் பூதமும் தீயதா?

இல்லை. நிலம், நீர், நெருப்பு, காற்று, வானம் ஆகிய ஐந்தையும் ஐம்பூதம் என்றுதானே சொல்கிறோம்! மதுரையை நான்கு பூதங்கள் காவல் காத்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. கண்ணகி ஊரை எரித்தபோது அவை நகரை விட்டு நீங்கின. மீனாட்சி திருமணத்தில் விருந்து முழுவதையும் உண்ட குண்டோதரனும் பூதம்தான். அவன் தாகம் தீரவே வைகை பிறந்தது என்பது மதுரைக் கதை.

நூல் சொல்வது என்ன?

திருமுருகாற்றுப்படை 317 அடிகள் கொண்டது. பத்துப்பாட்டில் முதல் பாட்டு. 1889-ல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட்டார். குகைப் பூதத்தின் கதை அந்தப் பாட்டில் இல்லை. பின்னால் வந்த புராணங்கள் சொன்னது. ஆனால் மலைச் சோலையில் ஆடிப்பாடும் சூரர மகளிரும், போர்க்களத்தில் கூத்தாடும் பேய்மகளும் பாட்டிலேயே வருகிறார்கள். நெடுநல்வாடை பாடியவரும் இதைப் பாடியவரும் ஒருவர்தானா என்று அறிஞர்கள் வாதிட்டதும் உண்டு.

மக்கள் அந்த வாதத்துக்குக் காத்திருக்கவில்லை. திருப்பரங்குன்றம் மலைமேல் ஒரு சுனை உண்டு. பூதம் தீண்டிய குறை தீர நக்கீரர் கங்கையில் நீராட விரும்பினாராம். முருகன் வேலால் பாறையைக் கீறி இங்கேயே கங்கையை வரவழைத்தானாம். புரட்டாசி மாதம் முருகனின் வேலை மலைமேல் எடுத்துச் சென்று விழா நடத்துகிறார்கள்.

தனக்காக வாதாடியபோது நக்கீரர் குளத்தில் விழுந்தார். பிறருக்காகப் பாடியபோது குகையே திறந்தது!